வலங்கையும் வலப்பக்கமும்

குருசுக்குப்பத்தின் தெருமுனைகளில் காலை ஏழு மணிக்கு நின்றால் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று கண்ணில் படாமல் போகாது. கூரைமேல் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பெண். பக்கத்தில், தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பயிற்சியாளர். “முனை வருதும்மா, செகண்டுக்கு மாத்து. ரைட்டப் பாரு, லெஃப்டப் பாரு, திரும்ப ரைட்டப் பாரு.”

“ரைட்ட மட்டும் ஏன் சார் ரெண்டு தடவ பாக்கணும்?”

பதில் வருவதற்குள் வலப்பக்கமிருந்து மீன்கூடையோடு ஒரு அம்மா, இடப்பக்கமிருந்து தண்ணீர் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல், எதிரே பள்ளிக்கூட வேன். பயிற்சியாளரின் கால் தானாக பிரேக்கில் இறங்குகிறது. அம்மா போகிறார், எக்ஸ்எல் வளைந்து நழுவுகிறது, வேன்காரர் கையைக் காட்டுகிறார். கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பெயரிலேயே குறுக்குக்கட்டை இருக்கிற ஊர் இது. குருசு என்றால் சிலுவை; ‘குரூஸ்’ என்ற போர்த்துக்கீசியச் சொல் தமிழ்க் கரையில் ஏறி அப்படி ஆனது. புதுச்சேரி நகரத்தின் வடகிழக்கு ஓரம், எஸ்.வி. பட்டேல் சாலைக்கும் வைத்திக்குப்பத்துக்கும் நடுவே, கருங்கல் கொட்டிய கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது குப்பம். சாலையைத் தாண்டித் தெற்கே கால் வைத்தால் ஒயிட் டவுன். அங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் சில நிமிடத்துக்கு ஒரு குருசு வரும்; நேர்த் தெரு, அதை வெட்டும் குறுக்குத் தெரு, மறுபடி அதேபோல் ஒன்று. முனையில் யார் முதலில் போவது என்ற கேள்விக்கு இந்த ஊரும் இதன் சுற்றுப்புறமும் முந்நூறு ஆண்டுகளில் சொன்ன பதில்கள் பல. இரண்டு முறை வலப்பக்கம் பார்க்கச் சொல்லும் பாடம் அவற்றில் மிகவும் பிந்தியது.

புதுச்சேரியின் கட்டம் போட்ட தெருக்களைப் பார்க்கிற எவரும் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்றே சொல்வார்கள். முதலில் கோடு கிழித்தவர்கள் டச்சுக்காரர்கள். பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே வந்து பிரெஞ்சுக் கும்பினியின் வியாபாரத்தை ஊன்றினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். 1697இல் ஐரோப்பாவில் ரைஸ்விக் உடன்படிக்கை ஆகி, 1699இல் ஊர் மறுபடி மர்த்தேன் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டில் டச்சுக்காரர்கள் கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காகச் சில தெருக்களும், அவற்றை வெட்டிக் கிழக்கு மேற்காகச் சில தெருக்களும் போட்டுத் திட்டம் வரைந்துவிட்டார்கள். அந்த வரைபடங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருந்தன. புதுச்சேரியிலேயே வாழ்ந்து 2019இல் மறைந்த அறிஞர் ழான் தெலோஷ் அவற்றை ஆராய்ந்து 2004இல் நூலாக்கியபோதுதான் ஊர்க்காரர்கள் தாங்கள் யார் கிழித்த கோட்டில் நடக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள்.

1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் பிறகு கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ழான் லா தெ லொரிஸ்தோன் திரும்பி வந்து கட்ட ஆரம்பித்தபோது, இடிந்த வீடுகளின் அடித்தளங்கள் பழைய வரிசையிலேயே கிடந்தன. அதன்மேலேயே புது ஊர் எழுந்தது. வீட்டை இடித்தால் வீடு போய்விடும். தெரு அவ்வளவு லேசில் போகாது. பின்னாளில் மதில் இருந்த வளையம் அகன்ற சாலையாயிற்று. இன்று எஸ்.வி. பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை என்று மூன்று பெயரில் ஓடும் அந்த வளையத்துக்கு உள்ளே இருப்பதைத்தான் ஊரார் ‘புல்வார்’ என்கிறார்கள். குருசுக்குப்பம் அந்த வளையத்துக்கு ஒரு முழம் வெளியே.

கட்டம் போட்ட ஊரில் வழி கேட்பது சுலபம், முனை கடப்பது கஷ்டம். நெட்டாகப் பத்துத் தெரு, குறுக்காகப் பத்துத் தெரு என்றால் சந்திப்புகள் நூறு. சாலைப் பொறியாளர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகளின் பாதைகள் வெட்டுகிற, சேர்கிற, பிரிகிற இடங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். இருபுறமும் வண்டி ஓடும் இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் அப்படிப்பட்ட மோதல் புள்ளிகள் 32. முச்சந்தியில் வெறும் 9. ஒற்றைத் தடமுள்ள ரவுண்டானாவில் 8. டச்சுக்காரர் கோடு கிழித்தபோது அந்த 32 புள்ளிகளிலும் நடந்தவை மாடும் மனிதனும் பல்லக்கும்தான். இடித்துக்கொண்டாலும் திட்டோடு போயிருக்கும்.

முச்சந்தியின் ஆபத்தைத் தமிழர்கள் எண்ணிப் பார்க்காமலே அறிந்துவைத்திருந்தார்கள். ஒரு தெரு நேராக வந்து ஒரு வீட்டு வாசலில் முட்டி நின்றால் அது தெருக்குத்து. அந்த மனைக்கு விலை குறையும். வாங்கியவர் சுற்றுச்சுவரில் மாடம் வைத்து ஒரு பிள்ளையாரை உட்காரவைப்பார். வேகமாக வருகிற எதுவும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும். இரவில் மாடத்தில் எரியும் சின்ன விளக்கு, தெரு இங்கே முடிகிறது என்று வண்டிக்காரனுக்குச் சொல்லிவிடும். திருஷ்டிப் பூசணியை உடைப்பதும் முச்சந்தியில்தான். அந்தப் பூசணிச் சதையில் ஸ்கூட்டர் வழுக்குவது இந்தக் காலத்துத் திருஷ்டி.

சிலப்பதிகாரத்துப் பூம்புகாரிலும் நாற்சந்திக்கு ஒரு காவல் உண்டு. அங்கே சதுக்கத்தில் ஒரு பூதம் இருந்ததாகவும், பொய்த்தவம் செய்பவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் போன்றவர்களைப் பிடித்து அடித்து உண்டதாகவும் காப்பியம் சொல்கிறது. ஊரே கூடும் இடத்தில் ஒரு கண் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அது. புதுச்சேரியில் இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி சிலைகள் நிற்கும் பெரிய சந்திப்புகளையும் சதுக்கம் என்றே சொல்கிறார்கள். பூதத்தின் வேலையைக் கம்பத்தின் மேலிருந்து கேமரா பார்க்கிறது.

அந்த நாளில் முனையில் யாருக்கு வழி என்பதற்கு ஒரே பதில்: ஆள் யார் என்று பார். பெரிய மனிதர் பல்லக்கில் வந்தால் கட்டியக்காரன் முன்னால் ஓடிவந்து “பராக்! பராக்!” என்று கத்துவான். கவனி, ஒதுங்கு என்று அர்த்தம். தெருவைப் பார்க்கிற வேலை பல்லக்கில் இருப்பவருக்குக் கிடையாது, எதிரே வருகிறவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் இன்றைய பேச்சில் ‘பராக்குப் பார்க்காதே’ என்றால் கவனம் சிதறி நிற்காதே என்று பொருள். சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் பின் சீட்டிலிருந்து கையை எடுத்திருக்கிறார்கள்.

யார் எதில் ஏறிப் போகலாம், என்ன வாத்தியத்தோடு போகலாம், எந்தத் தெருவரை போகலாம் என்பதெல்லாம் அன்று உரிமைச் சங்கதி. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, துப்ளே கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவருக்கு, மேளதாளத்தோடு பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள் போகும் உரிமை இருந்தது. இதை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இன்றைக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். பல்லக்கு எந்த வாசலில் இறங்குகிறது என்பதை வைத்து மனிதரின் எடையை ஊரே நிறுத்துப் பார்த்த காலம் அது.

எடை சரியாக இல்லை என்று நினைத்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். சோழமண்டலக் கரை ஊர்களில் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்தன. ஒரு அணியின் கல்யாண ஊர்வலமோ சாமி ஊர்வலமோ மறு அணியின் தெருவில் நுழைந்தால் கலகம். சென்னைப்பட்டணத்தில் 1707இல் மூண்ட சண்டை அடுத்த ஆண்டுவரை நீண்டது. வலங்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் கடைசியில் இவர்களுக்கு இந்தத் தெருக்கள், அவர்களுக்கு அந்தத் தெருக்கள் என்று பிரித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. பட்டணத்துப் போக்குவரத்து ஒழுங்கு என்று சொல்லத்தக்க பழைய ஏற்பாடுகளில் ஒன்று வண்டிக்காக வரவில்லை, சாதிக்காக வந்தது. அதிலும் ‘வலது’ இருந்தது. பக்கத்தைச் சொல்லாமல் பிறப்பைச் சொன்ன வலது.

முதலில் போவது யார் என்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது: போகலாமா? திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தீண்டல் பலகை நட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஈழவர்களும் புலையர்களும் கால் வைக்கக் கூடாது. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போகக் கேட்கவில்லை, வெளியே இருக்கும் பொதுச்சாலையில் நடக்கத்தான் கேட்டது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றதும் அதற்காகத்தான். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கூட எல்லாத் தெருக்களும் திறக்கவில்லை.

புதுச்சேரியில், செயின்ட் லூயிஸ் வீதி அருங்காட்சியகத்தில், மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தின் வண்டி ஒன்று நிற்கிறது. பிரெஞ்சில் ‘பூஸ்’ என்றால் தள்ளு. வண்டிக்குப் பெயர் பூஸ்பூஸ். ரிக்‌ஷாவில் ஆள் முன்னால் நின்று இழுப்பான். இதில் ஆள் பின்னால் நின்று தள்ளுவான். உட்கார்ந்திருப்பவர் கையில் நீண்ட ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். அதாவது, துரைதான் டிரைவர். தள்ளுகிறவனின் கண்ணுக்கு எதிரே துரையின் முதுகும் வண்டியின் முதுகும்தான்.

முனை வரும்போது இந்த வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பார்க்கிற கண் ஒருவருக்கு, ஓடுகிற கால் இன்னொருவருக்கு, பிரேக் என்று எதுவும் தனியாக இல்லை. வலப்பக்கமிருந்து மாட்டுவண்டி வருவதைத் துரை பார்த்து, வாயைத் திறந்து சொல்லி, அதைத் தள்ளுகிறவன் காதில் வாங்கி, காலை ஊன்றி நிறுத்த வேண்டும். பல்லக்கில் போனவர் தெருவைப் பார்க்க வேண்டியதில்லை. பூஸ்பூஸில் போனவர் பார்த்தே ஆக வேண்டும். பெரிய மனிதரை முன்னால் உட்காரவைத்து முனையைக் கவனிக்கும் வேலையை அவர் தலையில் கட்டிய வண்டி அது.

கண் ஒருவர், கால் ஒருவர் என்ற ஏற்பாடு அங்கேயே முடியவில்லை. இங்கிலாந்தில் 1865இல் வந்த சட்டம், சாலையில் ஓடும் இயந்திர வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றது. அது எப்போதோ போய்விட்டது. ஆனால் இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு இன்றும் அப்படி ஒன்றைச் சொல்கிறது. ஆளில்லா ரயில்வே கேட் வந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்டக்டரையோ கிளீனரையோ இறக்கி, தண்டவாளம்வரை நடந்துபோய் இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வேறு ஆள் இல்லாவிட்டால் தானே இறங்கிப் பார்க்க வேண்டும். 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்து சேர்ந்தபோது புதுச்சேரிக்காரர்கள் புதுவிதச் சந்திப்பு ஒன்றைப் பார்த்தார்கள். பல்லக்கோ, மேளதாளமோ, வலங்கையோ, இடங்கையோ, கேட் போட்டால் எல்லோரும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

பிரான்சில் இதற்கிடையில் வேறொரு யோசனை முளைத்தது. தெருவில் மோட்டார் கார்கள் பெருகி, குதிரை வண்டிகளோடு முட்டிக்கொண்டிருந்த நேரம். 1910இல் பாரிஸ் காவல்துறைத் தலைவர் லூயி லெப்பின் ஓர் ஆணை போட்டார்: சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடு. 1921இல் பிரான்ஸ் முழுமைக்கும் சாலைவிதித் தொகுப்பு வந்தபோது இதுவும் நிலைத்தது. வருபவர் கோமகனா குப்பை வண்டிக்காரரா என்பது கணக்கில் இல்லை. எந்தப் பக்கம் என்பது மட்டுமே கணக்கு. முனையில் முதலில் போகும் உரிமையை மனிதரிடமிருந்து பிடுங்கி திசையிடம் கொடுத்த விதி அது.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டமும் தன் பத்தாம் அட்டவணையில் இதையே சொன்னது. பிறகு வந்த 1989 சாலை விதிமுறைகளும் 2017 ஓட்டுதல் விதிமுறைகளும் அதைக் கைவிடவில்லை. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறை. அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லாமல் நுழைய முடியும் என்று உனக்குத் தெரியும்வரை நுழையாதே. பிரதான சாலை என்று குறித்திருந்தால் அதில் போகிறவர்களுக்கு வழிவிடு. குறிக்காத இடத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடு. 1989 விதிகளின் சாரம் இவ்வளவுதான்.

டிரைவிங் ஸ்கூல் பெண்ணின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இந்தியாவில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. குறுக்குத் தெருவுக்குள் மூக்கை நீட்டியதும் முதலில் எதிர்ப்படும் பாதிச் சாலையில் ஓடுவது வலப்பக்கமிருந்து வரும் வண்டி. இடப்பக்கமிருந்து வருவது அடுத்த பாதியில், கொஞ்சம் தள்ளி. முதலில் மோதக்கூடியது வலப்பக்கத்து வண்டிதான். இடப்பக்கம் பார்த்து முடிப்பதற்குள் வலப்பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கலாம். அதனால் திரும்ப ஒரு தடவை.

பிரான்சில் இதே விதி தலைகீழாக வேலை செய்தது. அங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம். முதலில் எதிர்ப்படும் பாதிச் சாலையில் வருவது இடப்பக்கத்து வண்டி. ஆனால் விதிப்படி அந்த வண்டிதான் நின்று, புதிதாக நுழைபவருக்கு வழிவிட வேண்டும். சாதாரண முனையில் இது பெரிய தொல்லையில்லை. வட்டத்தில்தான் வினை. 1906இல் எழேன் எனார் என்ற கட்டடக் கலைஞர் வண்டிகள் ஒரே திசையில் சுற்றிப் போகும் வட்டச் சந்திப்பை எழுதி விளக்கினார். அடுத்த ஆண்டே பாரிஸின் எத்துவால் வளைவைச் சுற்றி அப்படி ஓட்டினார்கள். சுற்றிக்கொண்டிருப்பவர் நிற்க, வெளியிலிருந்து வருபவர் உள்ளே புகுந்துகொண்டே இருந்தால் வட்டம் நிரம்பி அடைத்துக்கொள்ளும். இதை உணர்ந்து 1984இல்தான் பிரான்ஸ் ரவுண்டானாக்களில் விதியைத் திருப்பிப் போட்டது. ஆனால் எத்துவாலில் பழைய வழக்கம் இன்றும் உண்டு.

இந்திய ரவுண்டானாவில் வண்டிகள் கடிகார முள் போகிற போக்கில் சுற்றுகின்றன. நுழைகிறவருக்குச் சுற்றுகிற வண்டி வலப்பக்கமிருந்துதான் வரும். வலப்பக்கத்துக்கு வழிவிடு என்ற பழைய விதியே சுற்றுபவருக்கு முன்னுரிமை கொடுத்துவிடுகிறது. பிரான்ஸ் திருத்தி எழுதிய இடத்தில் இந்தியா பேனாவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ராஜீவ் காந்தி சதுக்கத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்பவருக்கு இந்த அனுகூலம் உடனே புலப்படாது என்பது வேறு விஷயம்.

விதி கைவிரிக்கும் இடமும் உண்டு. சிக்னல் இல்லாத நாற்சந்திக்கு நான்கு பக்கமிருந்தும் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் நான்கு பேருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். நால்வரும் வழிவிட வேண்டும். நால்வரும் நிற்க வேண்டும். சட்டப்படி பார்த்தால் அந்தி சாயும்வரை நிற்கலாம். குருசுக்குப்பத்தில் அந்தச் சிக்கல் சில வினாடிகளில் அவிழ்கிறது. ஒருவர் மோவாயை லேசாகத் தூக்குகிறார், ஒருவர் ஹெட்லைட்டை ஒரு தடவை சிமிட்டுகிறார், மீன்காரம்மா யாரையும் பார்க்காமல் நடக்கிறார். ஹெட்லைட் சிமிட்டலுக்கு ‘நீ போ’ என்றும் ‘நான் வரேன், நில்லு’ என்றும் இரண்டு அர்த்தம் இருப்பதுதான் இதில் உள்ள ஒரே அபாயம்.

கண்ணால் பேசிக்கொள்ளக் கண்ணுக்குக் கண் தெரிய வேண்டும். ஒயிட் டவுனில் அது கஷ்டம். உயரமான சுற்றுச்சுவர்கள் தெருவிளிம்புவரை வந்து முனையில் செங்கோணமாக முடிகின்றன. துய்மா வீதியில் வரும் வண்டிக்குக் குறுக்குத் தெருவில் வருவது, மூக்கு முட்டும்வரை தெரியாது. தமிழர் பகுதியில் சுவர் முட்டாத இடங்களில் தாழ்வாரம் முட்டும். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கத் தெருமேல் இறக்கிய அந்தத் தூண்வைத்த கூரை, முனையைத் திரும்புகிறவருக்குத் திரை. இப்போது மனைப்பிரிவு வரைபடங்களில் முனை மனையின் மூலையைச் சாய்வாக வெட்டி ‘ஸ்ப்ளே’ விடச் சொல்வது இதற்காகத்தான். டச்சுக்காரர் கோடு கிழித்தபோது அந்தத் தேவை எழவில்லை. நடக்கிறவன் முனையில் எதிரே வருகிறவன்மேல் முட்டினாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடலாம்.

கண் எட்டாத இடத்தில் காது உதவியது. மாட்டுக் கழுத்துச் சலங்கை, ஜட்காக்காரனின் அதட்டல், சைக்கிள் பெல், ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் ஹாரன். புதுச்சேரி வெகுகாலம் சைக்கிள் ஊர். முனையில் இரண்டு தடவை பெல் அடித்தால் யாரோ வருகிறார்கள் என்று பொருள். பின்னால் டெம்போ வந்து அந்தச் சத்தத்தை எல்லாம் விழுங்கிவிட்டது. ஷேர் ஆட்டோவுக்குப் புதுச்சேரியில் பெயர் டெம்போ. எங்கே வேண்டுமானாலும் நிற்கும், முனையில் கட்டாயம் நிற்கும். இறங்குகிறவர்களுக்கு முனைதானே வசதி?

எழுதிய விதிக்கும் மோவாய் அசைவுக்கும் நடுவில் நிற்பவர் போக்குவரத்துக் காவலர். புதுச்சேரிக் காவலரின் தலையில் சிவப்புக் கெப்பி, தட்டையான உச்சியும் சின்ன முன்விளிம்பும் கொண்ட பிரெஞ்சுத் தொப்பி. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962இல் சட்டப்படியும் முடிந்தது. தொப்பி மட்டும் மாறவில்லை. நெரிசலில் நூறு தலைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

அந்தக் காவலர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் சந்தர்ப்பங்களும் இருந்தன. பெரிய மனிதருக்கு வழிவிடும் பழைய வழக்கம் சுழல்விளக்காகவும் சைரனாகவும் உருமாறி வெகுகாலம் ஓடியது. 2016 மே மாதக் கடைசியில் துணைநிலை ஆளுநராக வந்த கிரண் பேடி, தன் வண்டி உட்பட வி.ஐ.பி. வண்டிகளில் சைரன் ஒலிக்கக் கூடாது என்று அறிவித்தார். டெல்லியில் போக்குவரத்துப் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது கிரேன் வைத்து வண்டிகளைத் தூக்கி ‘கிரேன் பேடி’ என்று பெயர் வாங்கியவர் அவர். 2017 மே 1 முதல் மத்திய அரசும் நாடு முழுவதும் அமைச்சர்களின் சிவப்புச் சுழல்விளக்குகளைக் கழற்றச் சொன்னது. அதே ஆண்டின் ஓட்டுதல் விதிமுறைகள் அவசர வண்டிகளுக்கு வரிசை போட்டன: முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அதற்கடுத்து போலீஸ். ஆளுக்கு இருந்த அந்தஸ்து காரியத்துக்குப் போயிற்று.

இவ்வளவையும் கற்றுத் தேறினாரா என்று அரசு சோதிக்கும் விதம் சுவையானது. இருசக்கர வண்டிக்கு ‘எட்டு’ போட வேண்டும், காருக்கு ‘எச்’. எட்டை உற்றுப் பார்த்தால் அதன் இடுப்பில் ஒரு நாற்சந்தி இருக்கிறது. கால் ஊன்றாமல் அதைச் சுற்றிவந்தால் லைசென்ஸ். ஆனால் அந்தச் சந்திப்பில் வலப்பக்கமிருந்தும் யாரும் வரமாட்டார்கள், இடப்பக்கமிருந்தும் வரமாட்டார்கள். பார்க்கும் வேலை குருசுக்குப்பத்து முனையில்தான் தொடங்குகிறது.

ஆண்டுக்கு ஒரு நாள் அந்த முனைகளில் பழைய பதில் மறுபடி தலையெடுக்கும். மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து சேரும். சாலைகளைத் திருப்பிவிட்டு, முனைகளில் தடுப்புப் போட்டுவிடுவார்கள். அன்று வலமும் கிடையாது, இடமும் கிடையாது. நாதஸ்வரம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு வழி.

கெப்பிக்காரர் கையை நீட்டி நிறுத்துகிறார். டெம்போ டிரைவர் என்ஜினை அணைத்து, செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தார்ச்சாலையில் ஊன்றி நிற்கிறார். பின்னால் தண்ணீர் கேன் எக்ஸ்எல், அதற்குப் பின்னால் மஞ்சள் பலகைக் கார். ஒரு சாமி கடந்து அடுத்த சாமி வருவதற்குள் பத்துப் பதினைந்து வினாடி இடைவெளி. கை இறங்குகிறது. டெம்போ உறுமி நகர்வதற்குள் தலையில் காலிக்கூடையோடு மீன்காரம்மா குறுக்கே இறங்கிவிட்டார். வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. டெம்போ நின்றது. “போம்மா போ, சாமி வருது,” என்றார் காவலர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.